டேபிள் சா: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: மொட்டைமாடி ஷெட்டுக்குப் புதிதாக 10 அங்குல டேபிள் சா (மேசைக்கு நடுவே வட்ட பிளேடு நீட்டி நிற்கும் மரம் அறுக்கும் மெஷின்) வாங்கினேன். தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுத்தால் ஓரம் கருகுகிறது. கடைக்காரர் வேறு பிளேடு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (கோவை)

பதில்: இப்போது வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, முன்பக்கப் பல் ஒன்றில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். மேசையில் மைட்டர் கேஜ் (பலகையைக் குறுக்கே அறுக்கத் தள்ளும் கோணத் தாங்கி) ஓடும் பள்ளத்தின் விளிம்பில் காம்பினேஷன் ஸ்கொயரை (ஸ்கேல் நகரும் மூலைமட்டம்) அணைத்து, அதன் ஸ்கேல் அந்தப் பல்லை லேசாக உரசும்படி நீட்டித் திருகை இறுக்குங்கள். அப்புறம் பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கேயும் பாருங்கள். அதே உரசல் கேட்க வேண்டும். ஒரு தாள் கனம் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் பிளேடு கோணலாக நிற்கிறது. வேறு பல்லை வைத்து அளக்காதீர்கள். பிளேடிலேயே சின்ன நெளிவு இருந்தால் அளவு ஏமாற்றிவிடும்.

பிளேடைத் தாங்கும் பகுதியின் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்க வேண்டும். எந்த போல்ட் என்று உங்கள் மெஷினின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடு பள்ளத்துக்கு நேரானபிறகு, ஃபென்ஸையும் (பலகையை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டம்) அதே பள்ளத்துக்கு நேராக வையுங்கள். ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தாலும் மரம் நெருக்கப்பட்டுக் கருகும். இதெல்லாம் சரியாக இருந்தும் கருகினால் மட்டும் பிளேடுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: லேமினேட் ஒட்டிய பிளைவுட்டை 24 பல் பிளேடில் அறுக்கலாமா? ஓரம் பிய்கிறது. (நாமக்கல்)

பதில்: கூடாது. 10 அங்குலத்தில் 60 பல், முடிந்தால் 80 பல் வாங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மாமா தன் டேபிள் சாவை அனுப்பியிருக்கிறார். பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடுமா? (திருச்சி)

பதில்: புகைந்துவிடும். அது 120 வோல்ட் மெஷின், நம் வீட்டில் வருவது 230. பெயர்ப்பலகையில் 15 ஆம்பியர் என்று இருந்தால் 1,800 வாட் ஆகிறது; ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும். அதைத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இன்டக்‌ஷன் மோட்டார் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால், நம் 50 ஹெர்ட்ஸில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டேபிள் சாவில் பிளேடு கார்டும் (பிளேடை மூடும் கவசம்) ரிவிங் நைஃபும் இல்லை. விளம்பரப் படத்தில் இரண்டும் இருக்கின்றன. "அது இல்லாமலே எல்லாரும் ஓட்டுகிறார்கள்" என்கிறார் விற்றவர். (மதுரை)

பதில்: உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. படத்தில் காட்டியதைக் கொடுக்காதது அவர். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

அதுவரை அந்த மெஷினை ஓட்டாதீர்கள். ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் சின்னத் தகடுதான். ஆனால் அறுபடும் பலகை உள்ளிறுக்கத்தால் வாய் மூடிக்கொள்ளும்போது, அந்த வெட்டைத் திறந்து வைத்திருப்பது அதுதான். அது இல்லாவிட்டால், மேலே ஏறிவரும் பின்பக்கப் பற்கள் பலகையைக் கவ்வி நம்மை நோக்கி வீசும்.

எனக்கு நடந்தது இது. தள்ளுபடியில் மெல்லிய பிளேடு ஒன்று வாங்கினேன். அதன் வெட்டைவிட என் மெஷினின் தகடு கனம். பலகை பாதியில் சிக்கியது. கடையில் கேட்டால் தகட்டைக் கழற்றிவிடச் சொன்னார்கள். கழற்றினேன். மூன்றாவது பலகை, ஈரம் காயாத வேப்பமரம், என் இடுப்பில் வந்து அடித்தது. பத்து நாள் குனிய முடியவில்லை. தகட்டின் கனம் பிளேடின் உடம்பைவிடக் கூடுதலாகவும், பல் போடும் வெட்டைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் பிளேடு விற்கும் கடைக்காரர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

கேள்வி: 4 அங்குல மார்பிள் கட்டரைப் பிளைவுட்டுக்கு அடியில் தலைகீழாகப் பூட்டி டேபிள் சா செய்திருக்கிறேன். சுவிட்ச் தானாக அணையாமல் இருக்கக் கயிறு கட்டியிருக்கிறேன். என்ன பிளேடு போடலாம்? (சேலம்)

பதில்: எதுவும் போடாதீர்கள். கயிற்றை அவிழ்த்து, கட்டரைக் கழற்றுங்கள். அது கல் அறுக்கக் கையில் பிடித்து ஓட்டும் மெஷின், நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுவது. கார்டு இல்லை, தகடு இல்லை, கை பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும்போது அணைக்கவும் வழியில்லை. இதற்குப் பிளேடு சொல்லித்தர என்னால் முடியாது.

கேள்வி: பிளேடை எவ்வளவு உயர்த்த வேண்டும்? (ஈரோடு)

பதில்: பலகைக்கு மேல் ஒரு பல் உயரம்.