முதலெழுத்து முன்னுக்கா, பின்னுக்கா? இலங்கை அரச வேலை விண்ணப்பம் பற்றி வாசகர் கேள்விகள்

‘முதலெழுத்துக்கள் இறுதியில் வருமாறு பெயர்’ என்று கேட்கிறார்கள். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, அப்பாவின் பெயர்தான் முன்னால் வருகிறது. எப்படி எழுதுவது?
– மானிப்பாய்

எங்கள் பக்கத்து விண்ணப்பங்களில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். கந்தையா சிவகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கந்தையா தகப்பன், சிவகுமார் மகன். முழுப்பெயர் வரியில் ‘கந்தையா சிவகுமார்’. முதலெழுத்து இறுதியில் வரும் வரியில் ‘சிவகுமார், க.’ கடைசியில் நிற்கும் பெயரை முன்னுக்கு எடுத்து, மற்றதைச் சுருக்கிப் பின்னால் போடுவது, அவ்வளவுதான். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி ‘கந்தையா, சி.’ என்று எழுதினால், பரீட்சை அனுமதி அட்டை தகப்பன் பெயரில் வந்து சேரும். கல்விச் சான்றிதழோடும் பொருந்தாது.

பெட்டிக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பும்போது ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்து, இரண்டு பெயருக்கு நடுவே ஒரு வெற்றுப் பெட்டி. எழுத்துக்கூட்டல் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு அடையாள அட்டை எடுத்தவர்கள் விவாகச் சான்றிதழின் பிரதியையும் சேர்த்து வைப்பது அவசியம்.

என்னிடம் பழைய அடையாள அட்டை. புதிய 12 இலக்க எண்ணைத்தான் எழுத வேண்டுமா?
– சாவகச்சேரி

பரீட்சை மண்டபத்தில் காட்டப்போகும் அட்டையில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். இணையப் படிவம் 12 இலக்கம்தான் கேட்கிறது என்றால் மாற்றும் முறை இது: பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கமான பிறந்த ஆண்டின் முன்னால் 19 சேருங்கள், அடுத்த மூன்று இலக்கங்களை அப்படியே விடுங்கள், பிறகு ஒரு 0, பிறகு மீதி நான்கு இலக்கம். ‘வி’ எழுத்து போய்விடும்.

அந்த மூன்று இலக்கம் பிறந்த நாள் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டப்படும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். 1996 மார்ச் 15 அன்று பிறந்தவர் என்றால் 31+29+15, ஆக 75. ஆணுக்கு 075, பெண்ணுக்கு 575. படிவத்தில் எழுதிய பிறந்த திகதியும் இந்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். திகதியில் விட்ட பிழை இங்கே உடனே தெரியும்.

வயதை வருடம், மாதம், நாள் என்று எப்படிக் கணிப்பது?
– கரவெட்டி

விண்ணப்பிக்கும் நாளுக்கு அல்ல, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு. முடிவு 2025.08.11, பிறப்பு 1996.11.25 என்றால்: 11இல் 25 போகாது, ஜூலை மாதத்தின் 31 நாளைக் கடன் வாங்கினால் 42, அதில் 25 போக 17. மாதம் 7இல் 11 போகாது, ஓராண்டைக் கடன் வாங்கினால் 19, அதில் 11 போக 8. 2024இல் 1996 போக 28. விடை: 28 வருடம், 8 மாதம், 17 நாள்.

சாதாரண தரத்தில் கணிதம் இரண்டாம் முறைதான் ‘சி’ வந்தது. எப்படிக் காட்டுவது?
– நெடுந்தீவு

இரண்டு தடவையையும் தனித்தனி அட்டவணையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, சுட்டெண், எல்லாப் பாடங்களும், சித்தியடையாதவை உட்பட. நல்ல பெறுபேறுகளை மட்டும் பொறுக்கி ஒரே அட்டவணையில் போட்டால், சுட்டெண்ணை வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது பொய்த் தகவலாகவே படும். ‘திறமைச் சித்தி’ என்று கேட்டால் சி அல்லது அதற்கு மேல். எஸ் (சாதாரண சித்தி) அதில் சேராது. ஆண்டைச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். 2021ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2022 மே மாதத்தில்தான் நடந்தது. பரீட்சை எழுதிய மாதத்தை நினைவில் வைத்து நிரப்புகிறவர்கள் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

கையொப்பத்தை வீட்டிலேயே இட்டு, அதிபரிடம் முத்திரை வாங்கினால் போதாதா?
– சுன்னாகம்

போதாது. ‘எனது முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்று எழுதி அவர் கையெழுத்து வைக்கிறார். அவர் முன்னால்தான் நீங்கள் ஒப்பமிட வேண்டும். அரச பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி, சத்தியப் பிரமாண ஆணையாளர் போன்றோரை ஏற்பார்கள். யார் யார் என்று அந்த அறிவித்தலிலேயே பட்டியல் இருக்கும். புறப்படுமுன் நான்கைப் பாருங்கள்: கையொப்பம், திகதி, பதவி முத்திரை, முகவரி. திகதி விடுபட்டுப் போவதுதான் வழமை.

பிரதேச செயலாளர் பிரிவு என்ற இடத்தில் கோப்பாய் என்று எழுதலாமா?
– உரும்பிராய்

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் உள்ளன. பலவற்றுக்கு ஊர்ப் பெயர் ஒன்று, பிரிவின் பெயர் வேறு. கோப்பாயிலுள்ள செயலகம் வலிகாமம் கிழக்கு; பருத்தித்துறையில் உள்ளது வடமராட்சி வடக்கு. பிரிவின் பெயரை எழுதுங்கள். கிராம அலுவலர் பிரிவுக்கு ‘ஜே/’ என்று தொடங்கும் இலக்கமும் வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) ஒரு தடவை கேட்டுக் குறித்து வைத்தால் எல்லாப் படிவத்துக்கும் உதவும்.

முடிவுத் திகதியன்று பதிவுத் தபாலில் போட்டேன், நிராகரித்துவிட்டார்கள்.
– வேலணை

வர்த்தமானியில் ‘அன்றோ அதற்கு முன்னரோ கிடைக்கக்கூடியதாக’ என்றிருக்கும். தபாலில் சேர்த்த திகதி கணக்கில் வராது. கொழும்புக்குப் போகவேண்டிய உறையை ஒரு வாரம் முந்தியே அனுப்புங்கள். இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் முந்தி. உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயரை அறிவித்தலில் உள்ள சொற்களிலேயே எழுதுங்கள். பரீட்சைக் கட்டணப் பற்றுச்சீட்டில் விண்ணப்பதாரியின் பெயர் இருக்க வேண்டும். பணம் கட்டப்போன தம்பியின் பெயர் அல்ல. பற்றுச்சீட்டை ஒரு ஓரத்தில் மட்டும் பசை பூசி ஒட்டுங்கள், முழுவதும் ஒட்டினால் பின்பக்கம் பார்க்க முடியாது. ஒட்டுமுன் போட்டோக் கொப்பி ஒன்று எடுத்து, பதிவுத் தபால் துண்டோடு சேர்த்துக் கோவையில் வையுங்கள். அனுமதி அட்டை வராவிட்டால் பரீட்சைத் திணைக்களத்தோடு பேசும்போது கேட்கப்படுவது அந்த இரண்டும்தான்.