எகிப்தில் இரண்டே நாள், மூட்டுவலி உள்ள அம்மாவும் வருகிறார்: பிரமிடுக்கு உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

ஜனவரியில் கெய்ரோ போகிறோம், 64 வயது அம்மாவால் குனிந்து நடக்க முடியாது, ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு பிரமிடுக்குள் நுழையாமல் வரவும் மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் என் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வந்தவன். அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெய்ரோவைச் சுற்றிப் பிரமிடுகள் இருக்கும் இடங்களில், கீசாவை வெளியிலிருந்து பாருங்கள். உள்ளே நுழையும் ஆசையை தஹ்ஷூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கான இடம் சக்காரா.

கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட், விலையும் அதிகம். ஏறும் பாதை நாலடி உயரம்தான் இருக்கும். ஏறுபவர்களும் இறங்குபவர்களும் அதிலேயே ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். கடைசியில் இருக்கும் அறையில் ஓவியமோ எழுத்தோ கிடையாது. வழவழப்பான கருங்கல் சுவர்கள், மூடியில்லாத ஒரு கல்பெட்டி, அவ்வளவுதான். அந்தக் கற்கள் 800 கிலோமீட்டருக்கு அப்பால் அஸ்வானிலிருந்து நைல் வழியாகப் படகில் வந்தவை என்று தெரிந்திருந்தால் அந்த வெறுமையே மனதை நிறைக்கும். தங்கமும் சித்திரமும் எதிர்பார்த்து வந்தவர்கள் வாடிய முகத்தோடு திரும்பியதையும் பார்த்தேன்.

வெளியே நின்று பார்ப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். அடிவரிசைக் கல் ஒன்றின் அருகில் போய் நில்லுங்கள், கிட்டத்தட்ட கழுத்து வரை வரும். வடக்குப் பக்கம் அடியில், ஒரு காலத்தில் பிரமிடு முழுவதையும் போர்த்தியிருந்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் சில இன்னும் மிச்சம் இருக்கின்றன. பக்கத்தில் காஃப்ரே பிரமிடின் உச்சியிலும் அந்தப் போர்வை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளாகம் பெரியது. இப்போது உள்ளேயே பேருந்துகள் ஓடுவதால் அம்மா ஸ்பிங்ஸ் வரைக்கும் நடக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. அதிகாரி மாதிரி ஒருவர் வந்து "டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஒட்டகங்கள் நிற்கும் பக்கம் எங்களைக் கூட்டிப் போனார். டிக்கெட்டைத் திரும்ப வாங்க அரைமணி நேரம் ஆயிற்று. நுழைவாயிலில் பரிசோதித்த பிறகு, வழியில் நிற்கும் யார் கையிலும் டிக்கெட்டைக் கொடுக்காதீர்கள். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். ஒட்டகம் ஏறுவதாக இருந்தால் ஏற, இறங்க, போட்டோ எடுக்க எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சரி, தஹ்ஷூர். கெய்ரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திரும்பி வர அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம், எனவே நாள் முழுக்க ஒரு காரைப் பேசிக்கொள்ளுங்கள். கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு கட்டிய இரண்டு பிரமிடுகள் அங்கே இருக்கின்றன. ஒன்று பாதி உயரத்தில் சரிவு மாறி வளைந்து நிற்கும். செங்குத்தாகத் தொடங்கியவர்கள், கட்டிடம் தாங்காது என்று நடுவில் சாய்வைக் குறைத்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, தொடக்கத்திலிருந்தே குறைந்த சாய்வில் எழுப்பியது சிவப்புப் பிரமிடு. என் மனதில் தங்கிவிட்டது அதுதான். உள்ளே போக அங்கே தனி டிக்கெட் கேட்கவில்லை, கூட்டமும் இல்லை.

அதன் வாசல் தரையிலிருந்து 28 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏறிய பிறகு 60 மீட்டருக்கும் மேல் நீளமான சரிவில் குனிந்தபடியே இறங்க வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏணியில் இறங்குவது போலப் பின்னோக்கி இறங்குங்கள், முழங்கால் தப்பிக்கும். பையை காரிலேயே வைத்துவிடுங்கள். கீழே அமோனியா நெடி மூக்கில் ஏறும், கைக்குட்டை வேண்டும். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், நாற்பது அடி உயரத்துக்குக் கூரை! ஒவ்வொரு கல்வரிசையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு, இரு பக்கமும் நெருங்கி, உச்சியில் சேர்கிறது. 4,600 ஆண்டுகளாக மேலே இருக்கும் மலையளவு கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நான் உள்ளே இருந்தபோது வேறு யாருமே இல்லை, என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஆஸ்துமா, இதய நோய், மூடிய இடத்தில் பயம், இதில் எது இருந்தாலும் இறங்க வேண்டாம். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், அன்று பெரிய நடை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் இறங்கியபோது என் அம்மா காரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நேரம் சக்காராவில் வந்தது. ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் டெட்டி மன்னனின் பிரமிடுக்குப் பக்கத்தில் அவருடைய அமைச்சர் மெரெருகாவின் கல்லறை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். குனிய வேண்டாம், நிமிர்ந்து நடந்தே போகலாம். முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள், சுவரெல்லாம் அன்றைய வாழ்க்கை: வலை இழுப்பவர்கள், மாடு ஓட்டுபவர்கள், கழுதைப்புலிக்குத் தீனி திணிப்பவர்கள். படகுக்கு அடியில் செதுக்கியிருந்த மீன்களின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். "இது கெளுத்தி, மீசையைப் பாரு. இது நம்ம ஜிலேபி மீன்டா" என்று சுவரைத் தொடாமல் விரலை நீட்டிக் காட்டினார். உண்மைதான், திலாப்பியாவின் பூர்வீகத்தில் நைலும் உண்டு. செதுக்கியவர் துடுப்பு முள்ளைக்கூட விடவில்லை. பக்கத்து பிரமிடுக்குள் இறங்கவில்லையே என்ற வருத்தம் அம்மாவுக்கு அதற்குப் பிறகு இல்லை.

ஆகவே முதல் நாள் காலை தஹ்ஷூர், அடுத்து சக்காரா. இரண்டாம் நாள் திறந்ததும் கீசா (தொடைவலி இருக்கும், வளாகப் பேருந்திலேயே சுற்றுங்கள்), மதியத்துக்கு மேல் பக்கத்திலிருக்கும் பெரிய எகிப்திய அருங்காட்சியகம். 1954இல் கூஃபு பிரமிடின் அருகே கிடைத்த மரப்படகு இப்போது அங்கேதான் இருக்கிறது, லிஃப்ட் வசதியும் உண்டு. டிக்கெட்டுக்கு வங்கி அட்டை தயாராக இருக்கட்டும், பல இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை. கழிப்பறைக்கும் பக்ஷீஷ் எனப்படும் டிப்ஸுக்கும் மட்டும் சில்லறை எகிப்திய பவுண்டு வேண்டும். ஜனவரிக் காலையில் பாலைவனக் காற்று நன்றாகக் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காது மூட ஒரு ஸ்கார்ஃபும் கைப்பையிலேயே இருக்கட்டும்.