இன்ச்சா எம்.எம்.மா, சென்ட்டா ஏர்ஸா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பத்திரத்தில் எங்கள் பூமி 2 ஏக்கர். பட்டாவில் 0 - 81.00 என்று வருகிறது. 81 சென்ட்தான் ஏறியிருக்கிறதா?
- வாசகர், தாராபுரம்

பதில்: பூமி குறையவில்லைங்க. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது 2.471 சென்ட். 81-ஐ அதால் பெருக்கினால் 200.15 சென்ட், 2 ஏக்கர் வந்துவிட்டது. புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கமும் சதுர மீட்டர். 0 - 04.05 என்றால் 405 சதுர மீட்டர், 10 சென்ட். அதையே 0 - 40.50 என்று எழுதினால் ஒரு ஏக்கர். பார்த்து எழுதும்போது அந்தப் பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு 2 இன்ச் பைப் போடச் சொன்னார்கள். இன்ச்சுக்கு 25.4 மி.மீ. என்று கணக்குப் பார்த்து 50 எம்.எம். வாங்கிப் பதித்துவிட்டோம். கடைசி வயலுக்குத் தண்ணீர் போதவில்லை. தோண்டி எடுக்க வேண்டுமா?
- வாசகர், காங்கேயம்

பதில்: நீங்கள் பதித்திருப்பது ஒன்றரை இன்ச். விவசாய பி.வி.சி. பைப்பில் (இந்தியத் தரம் ஐ.எஸ். 4985) எம்.எம். என்பது வெளிவிட்டம், இன்ச் என்பது பழக்கத்தில் நின்றுபோன பெயர், அதைப் பெருக்கக் கூடாது. ஒன்றரை இன்ச்சுக்கு 50, 2-க்கு 63, இரண்டரைக்கு 75, 3-க்கு 90, 4-க்கு 110. அதே அளவு தண்ணீர் 63-க்குப் பதில் 50-இல் போனால் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்கு. கடைசி வயல் காய்வது அதனால்தான்.

தோண்ட வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு 50 எம்.எம். லைன் ஓட்டி, இரண்டு முனையிலும் டீ (T வடிவ மூன்று வழி இணைப்பு) போட்டுச் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் பாதிப் பாதியாகப் பிரிவதால் உராய்வு முன்பிருந்ததில் கால்பங்கை ஒட்டி இறங்கிவிடும். 63 போட்டதற்குச் சமம்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். வீட்டு வேலைக்கு வரும் ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தரம்) யு.பி.வி.சி. பைப்பில் 2 இன்ச் என்றால் வெளிவிட்டம் 60.3 எம்.எம். அதை 63 எம்.எம். காலருக்குள் (பைப்புகளை இணைக்கும் துண்டு) பசையை அப்பிச் சொருகினால், பிரஷர் ஏறும்போது ஜாயின்ட் ஒழுகும். பைப் மேலேயே அச்சடித்திருப்பார்கள். படித்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: போர் 700 அடி. மோட்டாரை 500 அடியில் இறக்கப் போகிறோம். பம்பு சார்ட்டில் ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) மீட்டரில் இருக்கிறது. எந்தப் பம்பு எடுப்பது?
- வாசகர், பல்லடம்

பதில்: 500 அடியை 3.28-ஆல் வகுத்தால் 152 மீட்டர். அது மோட்டார் தொங்கும் ஆழம் மட்டுமே. மோட்டார் ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கிருந்துதான் ஹெட் கணக்கு. அது 400 அடி, தொட்டி தரைக்கு மேல் 20 அடி என்றால் 420 அடி, அதாவது 128 மீட்டர். பைப் உராய்வுக்குச் சில மீட்டர் சேர்த்து 135 என்று வையுங்கள். அந்த ஹெட் சார்ட்டின் நடுவாக்கில் வரும் பம்பே உங்களுக்குச் சரி.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 200 மீட்டர் பம்பை இறக்குவது நம் பக்கம் சகஜம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஹெட் குறைவாகக் கிடைத்தால் பம்பு அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், ஆம்பியர் ஏறும், மோட்டார் சூடாகும். ஊற்று கம்மியான போரில் மட்டம் சரசரவென்று இறங்கிக் காற்று வாங்கும்.

கேள்வி: அமெரிக்க பையர் 5.3 அவுன்ஸ் துணி கேட்கிறார். எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்)?
- வாசகர், திருப்பூர்

பதில்: சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது 33.9 ஜி.எஸ்.எம். அப்படியானால் 180. அளவுச் சீட்டு இன்ச்சில் வந்திருந்தால் இன்ச் டேப்பிலேயே அளக்கச் சொல்லுங்கள். ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்கு வரும் 2 இன்ச் ஏற்றத்தை 5 செ.மீ. என்று ரவுண்டு பண்ணினால் ஒவ்வொரு சைஸிலும் 0.8 மி.மீ. குறைந்து, ஐந்தாவது ஏற்றத்தில் 4 மி.மீ. போய்விடும். 20⅜ என்பதை 20.3 என்று டைப் அடிப்பதும் தவறு, அது 20.375.