மீன் செத்ததுக்கு அழுதா சிரிக்கிறாங்க! வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன தடவை பூனை பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல கோல்டுபிஷ்தான், அதுலயும் முக்கால்வாசி செத்துப்போன கோல்டுபிஷ். அதனால இந்த இதழ் முழுக்க மீன்தான், நாய் வளர்க்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அக்கா, பையன் பிறந்தநாளுக்கு மூணு கோல்டுபிஷ் வாங்கினோம். அழகான கண்ணாடி ஜாடி, தண்ணியக்கூட ஒரு நாள் முழுக்க பக்கெட்ல பிடிச்சு வச்சுட்டுதான் ஊத்தினேன். வாரம் முடியறதுக்குள்ள மூணும் போயிடுச்சு. கடைக்காரன் நோய் மீனை தள்ளிவிட்டுட்டான்னு வீட்டுக்காரர் சண்டைக்கு கிளம்பறார். நான்தான் கொன்னுட்டேனோன்னு எனக்கு தூக்கமே வரல.
வாசகி, யீஷூன்

அவரை முதல்ல உக்கார சொல்லுங்க. நோய் மீன் வர்றதும் உண்டுதான், ஆனா புது ஜாடி, மூணு மீன், ஒரே வாரம்னு கேட்டதும் எனக்கு சந்தேகம் தண்ணி மேலதான் போகுது. ராத்திரி முழுக்க தண்ணி பிடிச்சு வச்சா மருந்து வாசம் போயிடும்னு பெரியவங்க சொல்றது வெறும் குளோரின் போட்ட தண்ணிக்கு சரி. இங்க சிங்கப்பூர்ல தண்ணி வாரியமான பியூபி குடுக்கிற குழாத்தண்ணில இருக்கிறது குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த ஒண்ணு, அது பக்கெட்ல ஒரு நாள் கிடந்தாலும் அப்படியேதான் இருக்கும், நமக்கு குடிக்க ஒண்ணும் பண்ணாது ஆனா மீனோட செவுளை அரிச்சிடும். மீன் கடையில ஆன்ட்டி-குளோரின்னு கேட்டா சின்ன பாட்டில் குடுப்பாங்க, குளோராமினுக்கும் வேலை செய்யும்னு லேபிள்ல போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் ஊத்தணும்.

இது பாதிக்கதைதான். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா அம்மோனியாவ வெளியேத்தும், கழிவும் மிச்ச சாப்பாடும் அழுகி இன்னும் கொஞ்சம் சேரும், பழைய டேங்க்ல ஃபில்டர் பஞ்சுல குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும் அப்புறம் அவ்வளவா கெடுதல் பண்ணாத நைட்ரேட்டாவும் மாத்திடும், புது டேங்க்ல அந்த பாக்டீரியா வளர்ந்து நிக்கவே 4லேர்ந்து 6 வாரம் ஆகும், உங்க ஜாடியில ஃபில்டரே இருந்திருக்காதுன்னு நினைக்கிறேன், அப்ப அந்த மூணும் தன்னோட கழிவுலயே நீந்தியிருக்கு. நம்ம ஊர் சூடு வேற. தண்ணி 20 டிகிரில இருக்கிறதைவிட 30 டிகிரில அம்மோனியாவோட விஷம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதே நேரம் தண்ணில ஆக்ஸிஜனும் குறைஞ்சிடும். மீன் மேல வந்து வாயை வாயை திறந்திருக்குமே? அதை பசின்னு நினைச்சு நாம இன்னும் ரெண்டு சிட்டிகை போடுவோம். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்.

நீங்க கொல்லல. அந்த ஜாடிய மீனோட வைக்கிறதுக்குன்னு விக்கறாங்க பாருங்க, என் கோவம் அங்கதான். மறுபடி வாங்கறதா இருந்தா ஒரு மீனுக்கே குறைஞ்சது 60, 70 லிட்டர் டேங்க், ஃபில்டர், ஏர் பம்ப், அம்மோனியா பாக்கற டெஸ்ட் கிட். இதுக்கு வீட்ல இடம் இல்லன்னா பையனுக்கு வேற ஏதாவது வாங்கிக் குடுங்க, தப்பே இல்ல.

எங்க மீனோட செவுள் மூடியில சின்ன சின்னதா வெள்ளைப்புள்ளி. நெட்ல பாத்தா இக்ங்கற ஒட்டுண்ணி நோய்னு போட்டிருக்கு, செத்துடும்ங்கறான். மருந்து ஊத்தட்டுமா?
மாணவர், தெம்பனிஸ்

கைய கட்டிட்டு ரெண்டு நாள் பாருங்க தம்பி. புள்ளி செவுள் மூடியிலயும் பக்கத்துடுப்போட முன் ஓரத்துலயும் மட்டும் வரிசையா இருந்து, மீன் நல்லா சாப்பிட்டு இன்னொரு மீனை விரட்டிட்டு திரியுதுன்னா அது ஆம்பள மீன், இனப்பெருக்க சீசன்ல வர்ற பரு அது, நோயே இல்ல. இதுக்கு மருந்து ஊத்தி நல்ல மீனை சாகடிச்சவங்க நிறைய பேர்.

இக்னா உடம்பு, வால் எல்லா இடத்துலயும் உப்பு தூவின மாதிரி இருக்கும், மீன் கல்லுல போய் உரசிக்கும், துடுப்பை ஒடுக்கிட்டு ஓரமா நிக்கும். அப்படின்னா கல்லுப்பு, தேக்கா மளிகைக்கடைல கிடைக்கிற, வேற எதுவும் சேர்க்காத கல்லுப்பே போதும், லிட்டருக்கு 1 கிராம்ல ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல 3 கிராம் வரைக்கும் கொண்டுபோங்க, தனியா கரைச்சுதான் ஊத்தணும், செடி இருந்தா முதல்ல எடுத்துடுங்க. புள்ளி மறைஞ்சதும் குணமாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க, அந்த ஒட்டுண்ணி மீன் தோலுக்குள்ள இருக்கும்போது உப்போ மருந்தோ எதுவும் தொடாது, கீழ விழுந்து பெருகி குட்டிங்க மீனைத் தேடி நீந்தி வரும்போதுதான் சாகும், அதனால புள்ளி போன பிறகும் ஒரு வாரம் விடாம வைக்கணும்.

ஒராண்டா வகை கோல்டுபிஷ், காலைல சாப்பிட்டதும் தலைகீழா மிதக்குது. சாயந்திரம் சரியாகுது. மனைவி போன பிறகு எனக்கு பேச்சுத்துணை அதுதான் தங்கச்சி. எதாவது பண்ண முடியுமா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், ஜூரோங் வெஸ்ட்

முடியும் சார், பதறாதீங்க. சாப்பிட்ட பிறகு மிதந்து அப்புறம் சரியாகுதுன்னா முக்கால்வாசி அது குடல் சமாசாரம். ஒராண்டா, ரியூகின், ரான்ச்சு இதெல்லாம் உருண்டை உடம்பு வேணும்னு தலைமுறை தலைமுறையா மனுஷன் பொறுக்கி எடுத்து வளர்த்த ஜாதி, உள்ள குடலும், மிதக்கறதுக்கு உதவற காத்துப்பையும் நெருக்கியடிச்சுட்டு இருக்கும். போதாததுக்கு கோல்டுபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது. ரெண்டு நாள் பட்டினி போடுங்க, பாவமா பாக்கும், நம்பாதீங்க. அப்புறம் உறைய வச்ச பச்சைப்பட்டாணிய வேகவச்சு தோலை உரிச்சு நசுக்கி சின்னதா குடுங்க. மேல மிதக்கற தீனிய விட்டுட்டு மூழ்கற தீனிக்கு மாறிடுங்க, ஒரே வேளையா குடுக்காம கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு குடுங்க. அப்பவும் நாள் முழுக்க தலைகீழாவே இருந்தா தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு வெட், அதாவது கால்நடை டாக்டர்கிட்ட பேசணும், சில மீனுக்கு காத்துப்பையே கெட்டுப் போயிருக்கும், அது பட்டாணிக்கெல்லாம் மசியாது. அதுகிட்ட பேசறத பத்தி வெட்கப்படாதீங்க சார், தீனி போடற ஆளை கோல்டுபிஷ் அடையாளம் கண்டு முன்னாடி ஓடி வரும், நீங்களே பாத்திருப்பீங்க.

ஆறு வருஷமா வளர்க்கிறேன் அக்கா. உடம்பு ஊதி, செதில் எல்லாம் பலாப்பழத்தோல் மாதிரி தூக்கிட்டு நிக்குது. சாப்பிடல. மூணு மருந்து மாத்திட்டேன். ஆயுசே அவ்வளவுதான்னு தோழி சொல்றா. நான் விட்டுடணுமா, இன்னும் போராடணுமா?
வாசகி, செங்காங்

மேலேர்ந்து பாத்தா செதில் தூக்கிட்டு நிக்கிறதுக்கு டிராப்ஸின்னு பேரு, அது தனி நோய் இல்ல, உள்ள சிறுநீரகம் வேலைய நிறுத்தி உடம்புல தண்ணி தேங்கிடுச்சுங்கறதோட அடையாளம். காரணம் பாக்டீரியாவா இருக்கலாம், கட்டியா இருக்கலாம், ரொம்ப நாள் கெட்ட தண்ணில இருந்ததாவும் இருக்கலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மனசில்ல, செதில் இந்த அளவுக்கு எழும்பின பிறகு பிழைக்கிறது ரொம்ப ரொம்ப கம்மி. மூணு மருந்து மாத்தினேன்னு சொல்றீங்க, இனி மாத்தாதீங்க, ஒவ்வொரு புது மருந்தும் அதுக்கு இன்னொரு பாரம், சிலது ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்து கொன்னுடும், நோயோட அம்மோனியாவும் சேர்ந்துக்கும்.

மீன் பாக்கற வெட் சிங்கப்பூர்ல இருக்காங்க. எல்லா கிளினிக்லயும் இல்ல, போன் பண்ணி மீன் பாப்பீங்களான்னு கேட்டுட்டு போங்க. போகும்போது டேங்க் தண்ணியையே தனியா ஒரு பாட்டில்ல எடுத்துட்டு போங்க, மீனை அசையாம படம் எடுக்கறதைவிட நீந்தறத வீடியோ எடுத்து காட்டறது உபயோகம். மீனோட விலையவிட ஃபீஸ் பல மடங்கு இருக்கும், அதை பாத்து வீட்ல யாராவது கிண்டல் பண்ணா பண்ணட்டும், ஆறு வருஷத்துக்கு விலைச்சீட்டு ஒட்ட முடியாது.

சாப்பிடாம, நிமிர முடியாம, தரையிலயே கிடந்து செவுள் மட்டும் ஆடிட்டு இருந்தா நாள் கடத்தறது அதுக்காக இல்ல, நமக்காகத்தான். வலியில்லாம அனுப்பி வைக்க வெட்டே உதவுவாங்க. கிராம்பு எண்ணெய்ல இருக்கிற யூஜினால்ங்கற பொருள் மீனுக்கு மயக்க மருந்தா வேலை செய்யும், ஆனா அளவு குறைஞ்சா பாதில முழிச்சிடும், அதனால யூட்யூப் பாத்து நீங்களா பண்ண வேணாம். ஃப்ரீசர்ல வைக்கிறது, உயிரோட டாய்லெட்ல ஃப்ளஷ் பண்றது ரெண்டும் கூடவே கூடாது, கோல்டுபிஷ் குளிர் தாங்கற மீன், ஃப்ரீசர்ல சீக்கிரம் சாகாது, மெதுவாத்தான் சாகும்.

தோழிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. கோல்டுபிஷ் நல்லா இருந்தா 10, 15 வருஷம் சாதாரணமா வாழும், பிரிட்டன்ல 1956ல சந்தையில பரிசா கிடைச்ச டிஷ்ங்கற மீன் 1999 வரைக்கும், அதாவது 43 வருஷம் வாழ்ந்திருக்கு. ஆனா இந்த வெயில்ல, தண்ணிய குளிர வைக்கிற சில்லர் இல்லாத எச்டிபி அடுக்குமாடி வீட்டுல, ஆறு வருஷம் காப்பாத்தி வச்சதே லேசுப்பட்ட விஷயம் இல்ல.

மீன் செத்தா வீட்டுக்கு வரவேண்டிய கஷ்டத்தை அது வாங்கிட்டு போயிடுச்சுன்னு மாமியார் சொல்றாங்க, உடனே எண்ணிக்கைய சரிபண்ணி இன்னொண்ணு வாங்கி விடணுமாம். நான் அழுதா வீடே சிரிக்குது.
வாசகி, அங் மோ கியோ

வாஸ்துன்னு நம்மாளுங்களும் சொல்றாங்க, ஃபெங்சுயின்னு பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டியும் அதையேதான் சொல்லுவாங்க. நம்பிக்கைய நான் கிண்டல் பண்ணல, உங்க மாமியார் அவங்க பாணில உங்களுக்கு ஆறுதல் சொல்றாங்கன்னே எடுத்துக்கோங்க. ஆனா உடனே இன்னொண்ணு வாங்கறதுக்கு மட்டும் நான் எதிர்ப்பு. என்ன காரணத்துல செத்ததுன்னு தெரியாம அதே தண்ணில புது மீனை விட்டா அடுத்த மாசம் இன்னொரு கஷ்டத்தையும் அது வாங்கிட்டு போகும். தண்ணிய டெஸ்ட் பண்ணணும், அது வரைக்கும் பொறுங்க அத்தைன்னு சொல்லிப் பாருங்க, பெரும்பாலும் எடுபடும்.

அழறத பத்தி, நாய் செத்தா ரெண்டு நாள் லீவ் போட்டாலும் புரிஞ்சுக்கறாங்க, மீனுக்குன்னா "சம்பல் வச்சிருக்கலாமே"ன்னு ஜோக் அடிக்கறாங்க. தினமும் காலைல எழுந்ததும் முதல்ல பாத்த முகம் அது, அது இல்லன்னா கை தானா தீனி டப்பாவ தேடும். சிரிக்கறவங்க முன்னாடி விளக்கம் குடுத்துட்டு நிக்காதீங்க, புரிஞ்ச ஒருத்தர்கிட்ட போன் பண்ணி அழுதுடுங்க.

பொண்ணு பிரைமரி 2. ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள அதே மாதிரி ஒரு மீனை வாங்கி விட்டுட்டா தெரியாதுல்ல? செத்ததை என்ன பண்றது?
அப்பா, பொங்கோல்

தெரியும் சார். பிள்ளைங்க நம்மளவிட உத்து பாக்கும், வால்ல இருந்த கறுப்பு எங்கன்னு கேட்கும். தூங்குது, ஊருக்கு போயிருக்குன்னும் சொல்லாதீங்க, அப்புறம் தாத்தா ஊருக்கு போனாலே பயப்படும். செத்துப்போச்சு, உடம்பு வேலை செய்யறத நிறுத்திடுச்சு, இனி வராதுன்னு நேராவே சொல்லுங்க. என்னால செத்துச்சான்னு கண்டிப்பா ஒரு நாள் கேட்கும், அப்ப இல்லன்னு தெளிவா சொல்லுங்க, உங்களுக்கு கண்ணுல தண்ணி வந்தா மறைக்காதீங்க.

புளோக் கீழ புல்வெளில தோண்டாதீங்க, அது நம்ம நிலம் இல்ல. வீட்ல பெரிய பூந்தொட்டி இருந்தா சின்ன மீனை ஆழமா புதைக்கலாம், பொண்ணு விரும்பினா ஒரு பூ போடட்டும். இல்லன்னா பேப்பர்ல சுத்தி ரெண்டு பை கட்டி குப்பையில போடலாம், செல்லப்பிராணி தகனம் பண்ற இடங்களும் இருக்கு. கைல வெட்டுக்காயம் இருந்தா கிளவுஸ் போட்டுட்டு தொடுங்க, மீன் தண்ணில இருக்கிற ஒரு வகை பாக்டீரியா காயம் வழியா புகுந்து தோல்ல ஆறாத கட்டி கொண்டுவரும்.

ரெண்டுல ஒண்ணு செத்துடுச்சு. மிச்சம் இருக்கிறத பாக்கவே மனசு தாங்கல, பெடோக் ரிசர்வாயர்ல விட்டுட்டா சுதந்திரமா இருக்கும்ல?
வாசகர், சிமெய்

விடாதீங்க, சட்டப்படி குற்றம். புண்ணியம்னு மீன், ஆமையெல்லாம் கொண்டுபோய் விடற வெசாக் (புத்தர் பிறந்தநாள்) சமயத்துல, தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸ் ஆளுங்க "ஆபரேஷன் நோ ரிலீஸ்"னு பூங்கா, நீர்த்தேக்கம்னு நின்னு தடுக்கிறது இதுக்காகத்தான். டேங்க்லயே வளர்ந்த மீனுக்கு அங்க இரை தேடத் தெரியாது, நோய் இருந்தா அங்க இருக்கிற மீனுக்கும் பரவும். முடியலன்னா நல்ல டேங்க் வச்சிருக்கிற யாருக்காவது குடுத்துடுங்க, முதல் மீன் நோயில செத்திருந்தா அதை மறைக்காம சொல்லிட்டு குடுங்க, அவங்க ஒரு மாசம் தனியா வச்சு பாக்கட்டும்.

மீனை குடுத்த பிறகு, பின்னாடி மறுபடி வளர்ப்போம்னு தோணினா ஃபில்டரை ஆஃப் பண்ணிடாதீங்க, ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஒரு சிட்டிகை தீனி போட்டுட்டு வாங்க, அது அழுகற அம்மோனியாவுல பஞ்சுல இருக்கிற பாக்டீரியா உயிரோட இருக்கும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கு மீன் இல்லாம வாழ வழி இல்ல, நம்ம ஊர் சூட்டுக்கு ரெண்டு வாரம் மீன் இல்லாம ஓடினா அது ஒழிஞ்சிடும். மத்த நோய்னா வலை, சைஃபன் குழாய், பக்கெட் எல்லாத்தையும் நல்லா கழுவி வெயில்ல காயப்போட்டுட்டுதான் திரும்ப எடுக்கணும்.