சீனம் படிக்க எந்த போன், எந்த அகராதி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மொழி படிக்கும் ஆப்களைப் பற்றி எழுதியதிலிருந்து சீனம் படிக்கிறவர்களும் படிக்கப் போகிறவர்களும் கேள்வி மேல் கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை அவர்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு வரும் மெஷின்களில் பாதி சீனாவிலிருந்துதான், பேனலில் எல்லாமே சீன எழுத்து. இனி ஷிப்ட் முடிந்து உட்கார்ந்து படிக்கலாம் என்று இருக்கிறேன். கையில் இருக்கும் போன் ஹேங் ஆகிக்கொண்டே இருக்கிறது. பதினெட்டாயிரம் வரை போகலாம். எந்த போன் வாங்கலாம்? (கடலூர் முதுநகர் வாசகர்)

மாடல் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு லாரன்ஸ் ரோட்டுக்குப் போகாதீர்கள் சார், அடுத்த மாதமே அது மாறிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

உங்களுக்கு முக்கியம் திரை. கேமராவில் எத்தனை மெகாபிக்சல் என்று விற்பனையாளர் ஆரம்பிப்பார், அதைக் காதில் வாங்காதீர்கள். சீன எழுத்துகளில் இருபது கோடுகளுக்கு மேல் ஒரே சின்னக் கட்டத்துக்குள் அடைந்து கிடப்பவை நிறைய. விலை குறைந்த போன்களில் வருவது எச்டி பிளஸ் திரை, அதாவது 720க்கு 1600 புள்ளிகள், 6.7 அங்குலத் திரையில் இது அங்குலத்துக்கு சுமார் 260 புள்ளிதான். அதே அளவில் ஃபுல் எச்டி பிளஸ் என்றால் 390ஐத் தாண்டும். படம் பார்க்கவும் வாட்ஸ்அப் பார்க்கவும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அகராதியில் சின்ன எழுத்தில் எடுத்துக்காட்டு வாக்கியம் படிக்கும்போது கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கண் வலிக்கும். உங்கள் பட்ஜெட்டில் ஃபுல் எச்டி பிளஸ் தாராளமாகக் கிடைக்கிறது, அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

ரேம் 6 ஜிபி, சேமிப்பு 128 ஜிபி போதும். அப்புறம் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். மொழி படிப்பது ஆறு மாதத்தில் முடிகிற வேலை இல்லை. நாலைந்து வருடம் அதே போனில் அதே ஆப் ஓடினால்தான் நீங்கள் சேர்த்து வைத்த சொல் பட்டியல் எல்லாம் பத்திரமாக இருக்கும். சாம்சங் 2024இல் விட்ட ஏ16க்கு ஆறு வருட அப்டேட் தருவதாக அறிவித்தது. இந்த விலை வட்டாரத்தில் அதை ஓர் அளவாக வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டைலஸ் பேனா தேவையில்லை, விரலால் எழுதினாலே போன் எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் சீனத்தைச் சேர்த்தால் கையால் எழுதும் முறையும் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடிக்கும் பின்யின் முறையும் இலவசமாகவே வருகின்றன. பேனலில் இருக்கிற எழுத்தை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாத உங்களுக்குக் கையால் எழுதும் முறைதான் முதல் நாளிலிருந்து கைகொடுக்கும்.

போன் வாங்கியதும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பட்டியலில் தமிழ், ஆங்கிலத்துக்குக் கீழே எளிய வடிவச் சீனத்தையும் (சிம்ப்ளிஃபைட் சைனீஸ்) சேர்த்துவிடுங்கள். சீனாவும் ஜப்பானும் தைவானும் பல எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன, கணினிக்குள் அவற்றுக்கு ஒரே எண்தான், ஆனால் எழுதும் வடிவம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். எந்த வடிவத்தைக் காட்டுவது என்று தெரியாமல் சில போன்கள் ஜப்பானிய வடிவத்தைக் காட்டிவிடும். சோதித்துப் பார்க்க அகராதியில் எலும்பு என்பதன் சீன எழுத்தைத் தேடிப் பெரிதாக்குங்கள். மேலே இருக்கும் கட்டத்துக்குள் ஒரு குட்டி மூலை தெரியும். அது இடது பக்கம் ஒட்டியிருந்தால் சீனாவில் எழுதும் வடிவம், மொத்தம் 9 கோடு. வலது பக்கம் இருந்தால் ஜப்பானிலும் தைவானிலும் எழுதுவது, 10 கோடு. தப்பான வடிவத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிவிட்டால் பிறகு கையைத் திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: எந்த அகராதி ஆப் நல்லது? தமிழிலேயே அர்த்தம் சொல்லும் ஆப் இருக்கிறதா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963லேயே தொடங்கியது. இத்தனை வருடம் கழிந்தும் நம்பிப் பயன்படுத்தும்படி ஒரு தமிழ்–சீன அகராதி ஆப்பை என்னால் உங்களுக்குக் கைகாட்ட முடியவில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழும் சீனமும் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தின் சாரம் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அது அகராதி இல்லை. ஒரு சொல்லை எங்கே எப்படிப் போடுவது, அதே உச்சரிப்பில் வேறு என்ன சொல் இருக்கிறது, இதையெல்லாம் அது சொல்லித்தராது. ஆகவே இப்போதைக்கு ஆங்கிலம் வழியாகப் போவதுதான் வழி. அர்த்தத்தை மட்டும் ஒரு நோட்டில் உங்கள் தமிழில் எழுதி வையுங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும்.

ஆப் என்று கேட்டால் என் ஓட்டு பிளெகோவுக்கு. ஸ்மார்ட்போனுக்கு முந்தைய பாம் (Palm) என்ற கையடக்கக் கருவிகள் இருந்த காலத்திலேயே, 2000வாக்கில் தொடங்கிய கம்பெனி, சீன அகராதிதான் அவர்கள் தொழிலே. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. அடிப்படை ஆப் இலவசம், நெட் இல்லாமலே வேலை செய்யும். ஃபெஞ்சல் புயல் வந்தது 2024 நவம்பர் 30. அந்த மாதிரி சமயத்தில் டவர் போனால் நெட்டை நம்பி இருக்கிற ஆப் எதுவும் திறக்காது, போனிலேயே இறங்கியிருக்கும் அகராதிதான் திறக்கும். கூடுதல் அகராதிகள், கேமராவில் எழுத்தைப் படிப்பது, மனிதக் குரலில் பதிவு செய்த உச்சரிப்பு, இதெல்லாம் தனித்தனியாகக் காசு. மொத்தமாக மூட்டையாக வாங்கத் தோன்றும், வாங்காதீர்கள். இலவசத்தை வைத்து மூன்று மாதம் ஓட்டுங்கள், எது இல்லாமல் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் அது உச்சரிப்புக் குரலாகத்தான் இருக்கும். சீனத்தில் வாங்குவதும் விற்பதும் காதுக்கு ஒரே 'மாய்'தான், தொனி மட்டும்தான் வேறு: வாங்குவது மூன்றாம் தொனியில் இறங்கி ஏறும், விற்பது நாலாம் தொனியில் வெட்டி இறங்கும். இந்த இரண்டையும் ஹெட்செட் போட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்த ஆப்பில் வித்தியாசம் உங்கள் காதுக்குப் பளிச்சென்று தெரிகிறதோ அந்த ஆப்பின் குரல் உங்களுக்குச் சரி.

ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் ஹான்பிங் என்று ஒன்று இருக்கிறது, அதிலும் இலவசப் பதிப்பு உண்டு, எளிமையானது. பல இலவச ஆப்களுக்கு அடியில் இருப்பது சிசி-சிடிக்ட் என்ற திறந்த அகராதி. 1997இல் தொடங்கியது, ஒரு லட்சத்துக்கு மேல் சொல் இருக்கிறது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே அகராதியை எடுத்துக் கலர் அடித்து மாதச் சந்தா கேட்கிற ஆப்களும் ஸ்டோரில் இருக்கின்றன. ஆப்பின் விவரப் பக்கத்தில் அகராதிக்கு மூலம் எது என்று பாருங்கள், சிசி-சிடிக்ட் மட்டும்தான் என்றால் அகராதிக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சொற்களை மனப்பாடம் செய்ய அன்கி என்ற ஆப். ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு என்ற பெயரில் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. அன்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு சம்பந்தமில்லாத ஆப்களும் வருகின்றன, பெயரை முழுதாகப் படித்துவிட்டு இறக்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆங்கிலத்தைவிட பிரெஞ்சுதான் சரளம். பிரெஞ்சு வழியாகச் சீனம் படிக்க அகராதி உண்டா? (துமா வீதி, புதுச்சேரி)

உண்டு. பிளெகோவிலேயே கிராண் ரிச்சி என்ற பெரிய சீன–பிரெஞ்சு அகராதி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அது பழைய இலக்கியம் படிக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கானது, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆரம்பத்தில் அது வேண்டாம். சிஎஃப்டிக்ட் என்று ஒரு திறந்த சீன–பிரெஞ்சு அகராதி இருக்கிறது, அதில் தொடங்குங்கள்.

கேள்வி: மச்சான் குவாங்சோவில் வேலை செய்கிறார். அங்கிருந்து போன் வாங்கி வருகிறேன், பாதி விலைதான் என்கிறார். வாங்கலாமா? (நெல்லிக்குப்பம்)

அவசரப்படாதீர்கள். சீனாவில் விற்கிற ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் சேவைகள் நம் ஊர் போனில் இருப்பது போல் முழுதாக இருக்காது, சிலவற்றில் பிளே ஸ்டோரே இருக்காது. மெனுவில் சீனமும் ஆங்கிலமும்தான் இருக்கும், தமிழை எதிர்பார்க்க முடியாது. ஜியோ 5ஜி ஓடுகிற என்28, என்78 பேண்டுகள் (அலைவரிசைகள்) இரண்டும் அந்த மாடலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் தாண்டினாலும் வாரண்டி அந்த நாட்டுக்குத்தான். டிஸ்ப்ளே போனால் இங்கே சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிடுவார்கள். மச்சானிடம் போனுக்குப் பதில் குழந்தைகள் படிக்கிற ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள், எழுத்துக்கு மேலேயே பின்யின் அச்சாகியிருக்கும், படிக்க அருமையாக இருக்கும்.

கேள்வி: மகன் எம்பிபிஎஸ் படிக்கச் சீனா போகிறான். போனில் என்னென்ன போட்டு அனுப்ப வேண்டும்? (பண்ருட்டி வாசகி)

அம்மா, விமானம் ஏறுவதற்கு முன்னால் இங்கேயே எல்லாவற்றையும் இறக்கிவிடச் சொல்லுங்கள். சீனாவில் கூகுள் திறக்காது, பிளே ஸ்டோரும் சேர்த்துத்தான், வாட்ஸ்அப்பும் திறக்காது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் பெரும்பாலும் திறக்கும், ஆனால் அந்தச் செலவில் வருடக்கணக்கில் ஓட்ட முடியாது. அகராதி, அதன் கூடுதல் கோப்புகள், கூகுள் டிரான்ஸ்லேட்டின் ஆஃப்லைன் சீனம் எல்லாம் போனுக்குள் இறங்கியிருக்க வேண்டும், ஏர்பிளேன் மோடில் போட்டுத் திறந்து பார்த்துவிட்டே அனுப்புங்கள். இதற்காகவே சேமிப்பு 256 ஜிபி உள்ள போனாக வாங்கினால் நல்லது. அங்கே போனதும் வீசாட் (நமக்கு வாட்ஸ்அப் மாதிரி அவர்களுக்கு) இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது, ஆனால் அது 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் ஒன்று. அதே பட்டியலில் பைடு டிரான்ஸ்லேட்டும் இருக்கிறது. இங்கிருந்து இவற்றை இறக்க முடியாது, அவன் அங்கே போய்ப் போட்டுக்கொள்ளட்டும். வீட்டோடு பேசுவதற்கு என்ன வழி என்று அதே கல்லூரியில் ஏற்கெனவே படிக்கும் சீனியர் பிள்ளைகளிடம் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வுக்கான சொல் பட்டியல் ஆப் வாங்கினால் எந்தத் திட்டம் என்று பாருங்கள். பழைய திட்டத்தில் ஆறு நிலை, முதல் நிலைக்கு 150 சொல், நாலாம் நிலைக்கு 1200. 2021இல் அறிவித்த புதிய திட்டத்தில் ஒன்பது நிலை, முதல் நிலைக்கே 500 சொல் என்று இருந்தது. கல்லூரி எதைக் கேட்கிறது என்று தெரியாமல் காசைக் கட்டாதீர்கள்.

கேள்வி: மேலே தேய்த்தால் மொழிபெயர்க்கும் பேனா விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? (லாஸ்பேட்டை)

வேண்டாம். அதில் பல, ஆங்கிலம் படிக்கும் சீனப் பிள்ளைகளுக்காகச் செய்தவை, மெனுவே சீனத்தில் இருக்கும். உங்கள் போன் கேமராவும் கூகுள் லென்ஸும் அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு சீனப் பாட ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, அழித்துவிட்டேன். ஆனாலும் ஒரு வருடச் சந்தா அக்கவுன்டிலிருந்து போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா அண்ணா? (மஞ்சக்குப்பம் கல்லூரி மாணவி)

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காதும்மா, இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்பதில் போய் நிறுத்த வேண்டும். யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பிலும் போய் ரத்து செய்யுங்கள். காசு போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேளுங்கள், கிடைக்க வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டிவிட்டால் ஆப் கம்பெனிக்கு மெயில் போடுங்கள், ஆப்பை எந்தத் தேதியில் அழித்தீர்கள், அதற்குப் பிறகு பயன்படுத்தவே இல்லை என்பதை எழுதுங்கள். இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள், வரவே இல்லை என்றால் வங்கியிடம் புகார் கொடுங்கள். நிறுத்தும் பட்டனை ஆப்பில் எங்கோ ஒளித்து வைத்திருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிகளில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள், சந்தாப் பொறி அதில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: கடலூரைவிட புதுச்சேரியில் போன் மலிவு என்கிறார்களே? (திருப்பாதிரிப்புலியூர்)

அது வாட் வரி இருந்த காலத்துப் பேச்சு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊரிலும் ஒரே வரிதான், போனுக்கு 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம். பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்குள் வராததால் அவற்றில்தான் விலை வித்தியாசம். கடைக்காரர் கொடுக்கிற தள்ளுபடி வேறு, அதற்காக நேரு வீதிக்குப் போவதானால் பஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பில் இல்லாமல் விலையைக் குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். புதுச்சேரியில் வாங்கி ஏதாவது தகராறு என்றால் 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, ஆனால் கையில் பில் வேண்டும். பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து இடம் விட்டு அந்த எண்ணையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பதிலிலேயே தெரிந்துவிடும், பதில் வந்த பிறகு காசை எடுத்துக் கொடுங்கள்.