தைப்பதாகச் சொன்னார்கள், வெட்டி எடுத்துவிட்டார்கள்: சென்னையில் முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவருக்கு ஒரு பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 34, விற்பனைப் பிரதிநிதி, நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலையும் வேலை. மெக்கெய்சர் மைதானத்தில் பந்து விளையாடும்போது முழங்கால் திருகி, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் உட்பக்க மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு, கிழிந்திருக்கிறது. இங்கே சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கச் சுணங்கும் என்று பயந்து, திருகோணமலையிலேயே உள்ள ஒரு முகவரிடம் 14 இலட்சம் இலங்கை ரூபா கட்டிச் சென்னைக்குப் போயிருக்கிறார். "கிழிந்ததைத் தைத்துவிடுவார்கள், ஆறு மாதத்தில் திரும்ப விளையாடலாம்" என்று முகவர் வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்திருக்கிறார். திரும்பி வந்து டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்தால், தைக்கவில்லை, கிழிந்த பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். 16 மாதம் ஆகியும் மாடிப்படி இறங்க வலி. வைத்தியசாலையின் பில் 1,90,000 இந்திய ரூபா மட்டும்தான். வைத்தியர் மீது வழக்குப் போடலாமா, இங்கேயா இந்தியாவிலா என்பது கேள்வி.

தம்பி, உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டி எடுத்தது என்பதற்காக மட்டும் அது தவறான சிகிச்சை ஆகிவிடாது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் நல்ல இரத்த ஓட்டம் இருக்கிறது, அங்கே கிழிந்தால் தைத்தது ஒட்டும், உள் ஓரத்தில் கிழிந்தால் பெரும்பாலும் ஒட்டாது. எம்.ஆர்.ஐ. ஓரளவுக்குத்தான் காட்டும், கமெராவை உள்ளே விட்டுப் பார்த்த (ஆர்த்ரோஸ்கோபி) பிறகுதான் வைத்தியர் கடைசி முடிவு எடுப்பார். வெட்டி எடுத்தால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் காலப்போக்கில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் எதைச் செய்யப்போகிறோம் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது சம்மதப் பத்திரத்தை. "ஆர்த்ரோஸ்கோபி செய்து, தேவைப்படி தைத்தல் அல்லது பகுதியாக நீக்குதல்" என்ற மாதிரி எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் வைத்தியருக்கு எதிரான வழக்கு மிகவும் பலவீனம். தைப்பது என்று மட்டும் இருந்தால் கதை வேறு. ஒரு காரியத்துக்குக் கொடுத்த சம்மதம், உயிரைக் காப்பாற்றும் அவசரம் இல்லாத இடத்தில், இன்னொரு காரியத்துக்குச் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008 இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. பத்திரத்தின் பிரதி உங்களிடம் இல்லை என்கிறீர்கள். அது வழக்கம்தான், தியேட்டருக்குப் போகிற வழியில் நீட்டினால் யார் வாசிக்கிறார்கள், யார் பிரதி கேட்கிறார்கள்! ஆனால் 2002 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஒழுக்க விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம் அவற்றைப் பேணவும் வேண்டும். இன்றைக்கே முழு ஆவணக் கோவையையும், சத்திரசிகிச்சைக் குறிப்பையும், கமெரா பதிவு இருந்தால் அதையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள், கேட்டதற்குச் சாட்சி இராது.

வைத்தியர் மீதோ வைத்தியசாலை மீதோ போவதென்றால் அது இந்தியாவில்தான். சிகிச்சை அங்கே நடந்தது, அவர்களுக்கு இங்கே சொத்தும் இல்லை, கிளையும் இல்லை. திருகோணமலையில் ஒரு தீர்ப்பு எடுத்தாலும் அதை அங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது, ஏனென்றால் அப்படி நிறைவேற்ற இந்தியா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. நல்ல விஷயம், 1995 இலேயே கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ந்துவிட்டது. 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுப் போடலாம். கட்டிய பணம் 5 இலட்சம் இந்திய ரூபாவுக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, நீங்கள் அதற்குள்தான் வருகிறீர்கள். அங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், கொடுத்து நடத்தலாம். அதை இங்கே நொத்தாரிசு முன் எழுதி, வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

சுற்றுலா விசாவில் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள், முகவர் சொல்லித்தானாம். அதனால் உங்கள் உரிமை போய்விடும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். சட்டத்தரணியிடம் மறைக்காதீர்கள்.

சரி, முகவருக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் வழக்கு இவர் மீதுதான், கடிதத்தில் நீங்கள் இவரைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாலும். அவர் வைத்தியர் இல்லை, எம்.ஆர்.ஐ. படம் பார்க்கத் தெரிந்தவரும் இல்லை. அப்படியிருந்தும் தைப்பார்கள், ஆறு மாதத்தில் விளையாடலாம் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார். வைத்தியசாலை பில் இலங்கைக் காசில் ஏழு இலட்சத்துக்குள்தான் வருகிறது. விமானச் சீட்டு, தங்குமிடம், அவருடைய கூலி எல்லாம் போட்டாலும் மிச்சம் எங்கே என்று கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் கைமாறியதும் வாக்குக் கொடுத்ததும் இங்கே என்பதால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம். வாட்ஸ்அப் செய்தி 2006 ஆம் ஆண்டின் மின்னணு ஊடாடல்கள் சட்டத்தின் கீழ் சாட்சியாகும், ஆகவே அந்தத் தொலைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். கடையின் பெயர்ப் பலகையை நம்பி யார் மீதும் வழக்குப் போட முடியாது, உரிமையாளர் யார் என்பதைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். பாதி முகவர்கள் அந்தக் கடிதத்தோடு பேச வருவார்கள், இது என் அனுபவம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. 14 இலட்சத்தில் ஒரு பகுதியை "உண்டியலில்", அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு வைத்தியச் செலவை வங்கி மூலம் சட்டப்படி அனுப்ப வழி இருக்கும்போது ஏன் இந்த வேலை? அந்தப் பகுதிக்குப் பற்றுச்சீட்டு இல்லை, கேட்கப் போனால் உங்களுக்கே கேள்வி வரும். வங்கியில் போட்ட தொகையை முன்னால் வைத்து வழக்கைக் கட்டுவதுதான் புத்தி.

காலக்கெடுவைக் கவனியுங்கள். கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்குக்கு நம் நாட்டில் 2 வருடம், இந்திய நுகர்வோர் ஆணையத்திலும் 2 வருடம். 16 மாதம் போய்விட்டது, மிச்சம் 8. முகவரோடு செய்த ஒப்பந்தம் எழுத்தில் என்றால் 6 வருடம், வாய்மொழி என்றால் 3. வாட்ஸ்அப் எழுத்தா என்று வாதாட இடமிருக்கிறது, அந்த வாதத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட மூன்று மாதம்தான், அந்தக் கதவு மூடிவிட்டது.

வைத்தியர் மீது போவதாகவே முடிவெடுத்தால், இப்போது ஒரு எலும்பு முறிவு நிபுணரிடம் போய்ப் புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்து, முழங்காலின் இன்றைய நிலையை எழுத்தில் வாங்குங்கள். "அவர் செய்தது பிழையா சேர்" என்று கேட்டால் எந்த வைத்தியரும் வாய் திறக்கமாட்டார், இன்றைய நிலையை மட்டும் கேளுங்கள். பிழை நடந்ததைக் காட்டினால் போதாது, உங்கள் வலி அந்தப் பிழையால் வந்தது என்றும் காட்ட வேண்டும். 2001 இல் நம் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு சிறுமியின் மரண வழக்கு இந்த இடத்தில்தான் தோற்றது. கவனக்குறைவு இருந்தது, ஆனால் மரணம் அதனால்தான் என்று நிரூபிக்க முடியவில்லை.

கடைசியாக, முகவரின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டுக் "கள்ளன்" என்று எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவதூறு 2002 இலிருந்து இங்கே குற்றவியல் வழக்கு இல்லை என்றாலும், மான நட்டம் கேட்டு அவர் உங்கள் மீது சிவில் வழக்குப் போடலாம், அப்புறம் நீங்கள் இரண்டு வழக்குக்கு நீதிமன்றம் ஏற வேண்டி வரும், அதுவும் அந்த முழங்காலோடு.