விண்வெளிக்குப் போவேன் என்கிறாள் மகள்

கேள்வி: வள்ளியூர் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், தமிழ்வழியில், என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து தானும் விண்வெளி வீராங்கனை ஆவேன் என்கிறாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைக்கு வீண் ஆசையை வளர்க்காதே என்கிறார்கள் உறவினர்கள். தனியார் பள்ளிக்கு மாற்றிப் பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளின் ஆசை வீண் ஆசை அன்று. இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் கன்னியாகுமரி மாவட்டத்தில் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த பிறகே பொறியியல் பட்டப்படிப்புக்குச் சென்றார். உறவினர்களுக்கு இந்த இரண்டு பேரைச் சொன்னால் போதும்.

ஆனால் விண்வெளிக்குப் பறப்பவர் ஆவதும் விண்வெளித் துறையில் பணியாற்றுவதும் வேறுவேறு பாதைகள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள். அந்த வழியில் செல்ல, பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்து, தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகவோ பட்டப்படிப்புக்குப் பின் விமானப்படைத் தேர்வு வழியாகவோ விமானியாகி, பல ஆண்டுகள் பறந்திருக்க வேண்டும். 2016 முதல் பெண்கள் போர் விமானிகளாக இருக்கிறார்கள். 2022 முதல் அந்த அகாடமியிலும் சேர்கிறார்கள். கண்பார்வை, உடல்தகுதி விதிகள் மிகக் கடுமையானவை. எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கதவு சிலருக்குத் திறக்காது. இதை ஒன்பது, பத்தாம் வகுப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். பதினொரு வயதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ஒளிபரப்பில் எதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது? ராக்கெட் கிளம்பியதா, உள்ளே மிதந்ததா, அவர்கள் செய்த ஆய்வுகளா? அவள் சொல்லும் பதிலில்தான் பாதை தெரியும். ராக்கெட் என்றால், உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ தன் என்ஜின்களைச் சோதிக்கிறது. அங்கே ஐடிஐ முடித்த தொழில்நுட்பர், டிப்ளமோ படித்த தொழில்நுட்ப உதவியாளர், பொறியாளர் என எல்லா நிலைகளிலும் வேலை உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டெக். படிக்க ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வும் பாதுகாப்பு அகாடமித் தேர்வும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடப்பதால், தமிழில் நன்றாகப் புரிந்துகொண்ட பாடத்தின் ஆங்கிலச் சொற்களையும் எட்டாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

பள்ளியை மாற்றாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இடையில் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் இந்த உரிமை போய்விடும். எட்டாம் வகுப்புக்குப் பின் உயர்நிலைப் பள்ளி தேடும்போதும் அரசுப் பள்ளியாகவே பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில், பள்ளி மாணவர்களுக்காக இஸ்ரோ நடத்தும் யுவிகா பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம்; எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது, ஊராட்சிப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு.

பயிற்சி வகுப்பும் இப்போது வேண்டாம். இந்த ஆண்டு பின்னத்திலும் விகிதத்திலும் அவள் தடுமாறாமல் இருந்தால் போதும், ஏனென்றால் பின்னால் வரும் இயற்பியலில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். அதையும் அவள் ஆசையோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாம். சுக்லா தங்கிய விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பதினாறு என்று அவள் கண்டுபிடித்ததும், உங்கள் ஊருக்கு மேலே அது கடக்கும் நேரத்தை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் பாருங்கள். விடியலுக்குச் சற்று முன்போ பொழுது சாய்ந்த பிறகோ, மினுக்காத ஒரு பெரிய நட்சத்திரம்போல் நான்கைந்து நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். காலைச் சவாரிக்காக உங்கள் கணவர் எப்படியும் சீக்கிரம் எழுவார். மகளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போகும் வேலையை அவரிடமே கொடுங்கள்.